வளர்ப்பு முயலின் தூய்மை: கேடுகளும் தீர்வுகளும்

நலமாக இருக்கும் முயல் தன் உடலைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். முன்னங்கால்களை நக்கி முகம் துடைக்கும். காதுகளை இழுத்து வருடும். ரோமம் முழுவதையும் நாளுக்குப் பல முறை நக்கிச் சீராக்கும். அப்படிப்பட்ட உயிரின் பின்புறத்தில் கழிவு ஒட்டியிருந்தாலோ, ரோமம் சடைபிடித்தாலோ, உடலில் நாற்றம் வீசினாலோ, உணவு, கூண்டு, உடல்நலம் இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அறிய வேண்டும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் முயல் வலியை வெளிக்காட்டாது. ஆகவே அழுக்கே பல நேரங்களில் நோயின் முதல் அடையாளம்.

குளிப்பாட்டுவதால் வரும் ஆபத்து

நாற்றம் வந்ததும் முயலைத் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. அடர்ந்த ரோமம் எளிதில் உலராது. உடல் வெப்பம் சட்டெனக் குறையும். பயத்தில் முயல் துள்ளி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். அதிர்ச்சியில் உயிர் போவதும் உண்டு. அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்தினால் போதும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்புறத்தையும் தாங்கித் தூக்க வேண்டும்.

பின்புறத்தில் ஒட்டும் கழிவு

முயல் இரண்டு வகைப் புழுக்கை இடும். ஒன்று உருண்டையான, உலர்ந்த புழுக்கை. மற்றொன்று கொத்தாக வரும் மென்மையான புழுக்கை. சத்து நிறைந்த இதை முயல் தன் பின்புறத்திலிருந்தே நேரடியாகத் தின்றுவிடும். அடர் தீவனம், பிஸ்கட், ரொட்டி, பழம் ஆகியவை மிகுந்து புல் குறையும்போது இந்த மென்புழுக்கை இளகி ரோமத்தில் அப்பிக்கொள்ளும். உடல் பருத்த முயலுக்கும், மூட்டுவலியுள்ள முதிய முயலுக்கும் வாய் அங்கே எட்டாது. தீர்வு உணவில்தான் இருக்கிறது: உலர்ந்த புல்லும் அருகம்புல் போன்ற பசும்புல்லும் முதன்மை உணவாக இருக்க வேண்டும்.

புழு வைத்தல்

ஈரமும் கழிவும் படிந்த ரோமத்தில் ஈக்கள் முட்டையிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, புழுக்கள் தோலைத் துளைத்துத் தசையைத் தின்னத் தொடங்கும். தாமதித்தால் முயல் இறந்துவிடும். வெப்பமும் ஈரமும் சேரும் காலங்களில் நாளுக்கு இரண்டு முறை முயலின் பின்புறத்தைப் பார்ப்பதும், கூண்டுக்கு ஈ புகாத வலை கட்டுவதும் இதைத் தடுக்கும். ஒரு புழு தென்பட்டாலும் அந்த நேரமே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ரோமமும் குடலும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. நக்கும்போது விழுங்கும் ரோமம் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நார்ச்சத்து குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி, ரோமமும் உணவும் இறுகித் தேங்கும். அரை நாள் உணவைத் தொடாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது அவசர நிலை. வாரம் ஒரு முறையும், ரோமம் உதிரும் பருவத்தில் தினமும் மென்மையான தூரிகையால் வாரிவிட வேண்டும். அங்கோரா போன்ற நீள்ரோம இனங்களுக்கு நாள்தோறும் வாருதல் தேவை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரோமம் கத்தரிக்கவும் வேண்டும். முயலின் தோல் மிக மெல்லியது. சடையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் தோலும் சேர்ந்து கிழியும். விரலால் சிறிது சிறிதாகப் பிரிப்பதே நல்லது.

பாதம், நகம், பல்

நாய், பூனைக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்தில் மெத்தென்ற சதைத்திண்டு கிடையாது. கம்பித் தரையிலும் சிறுநீரில் ஊறிய படுக்கையிலும் நின்றால் பின்னங்காலில் ரோமம் தேய்ந்து புண் வரும். தேங்கிய சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மூக்கையும் நுரையீரலையும் தாக்கும். தட்டையான பலகையும், தினமும் மாற்றும் உலர்புல் படுக்கையும் வேண்டும். நகத்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, உள்ளே தெரியும் இரத்தக்குழாய்க்கு முன்பாக வெட்ட வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. புல்லை மெல்லும்போதுதான் தேயும். பல் வளைந்து வலித்தால் எச்சில் வடிந்து தாடை நனையும். உடலை நக்குவதும் நின்றுவிடும்.

சொறியும் படர்தாமரையும்

காதுக்குள் தடித்த பொருக்கு, ஓயாத சொறிதல், மூக்கிலும் பாதத்திலும் வெள்ளைச் செதில் ஆகியவை உண்ணிப்பேன்களால் வரும் சொறிநோயின் அறிகுறிகள். வட்டமாக ரோமம் உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம். சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும், குறிப்பாக முயலை அணைத்து விளையாடும் குழந்தைகளுக்கும், தொற்றக்கூடியவை. காதின் பொருக்கைப் பிய்த்தால் புண் ஆழமாகும். நாய்களுக்கான பிப்ரோனில் சொட்டுமருந்து முயலைக் கொல்லக்கூடும். வாய்வழி தரும் அமாக்சிசிலின் அதன் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கு ஆபத்தாகும். வீட்டிலுள்ள எந்த மருந்தையும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3, பிராணியை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. போதிய உணவு, நீர், இருப்பிடம் தராமல் விடுவது பிரிவு 11இன் கீழ் குற்றம். முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே. அதனால் அந்தக் கடமை சிறிதாகிவிடாது. முயல் விற்கும் கடைகள் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்குபவர் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்து, ரசீது பெற்று, முயலின் காது, பின்புறம், பாதம், பல் நான்கையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். நெரிசலான கூண்டில் நோயுற்ற முயல்களைக் கண்டால் மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ காவல் நிலையத்திலோ புகார் தரலாம். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.