அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு பாலுக்குள் வந்த அச்சுமை

நெடுநாள் கெடாத பாலும் பழச்சாறும் அடைக்கப்படும் அட்டைப் பெட்டி பார்வைக்கு ஒரே தாளாகத் தோன்றினாலும், வெளியே அச்சிட்ட அட்டை, நடுவே சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினியத் தாள், உள்ளே பானத்தைத் தொடும் பாலித்தீன் படலம் எனப் பல அடுக்குகளால் ஆனது. பொதியிலிருந்து வேதிப்பொருள் உணவுக்குள் சென்று சேர்வதை ‘இடப்பெயர்வு’ என்பர். கரிமச் சேர்மங்கள் அலுமினியத்தை ஊடுருவ இயலாது என்பதால், வெளிப்புறத்து மை உள்ளிருக்கும் பாலை எட்ட வழியில்லை என்று எண்ணத் தோன்றும்.

அவ்வெண்ணம் போதாது என்பதை 2005-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு நவம்பரில் இத்தாலிய அதிகாரிகள் ஏறத்தாழ 3 கோடி லிட்டர் குழந்தைப் பாலைப் பறிமுதல் செய்ய முற்பட்டதற்குக் காரணம், அதில் காணப்பட்ட ஐசோபுரோப்பைல்தயோசாந்தோன், சுருக்கமாக ஐ.டி.எக்ஸ்., என்னும் சேர்மம். இது ஓர் ஒளித்தூண்டி. அதாவது, புற ஊதா ஒளி பட்டவுடன் வினையைத் தொடங்கி, நீர்மமாக உள்ள மையை நொடிப்பொழுதில் கெட்டியான படலமாக மாற்றும் பொருள். இவ்வினையில் தூண்டி முழுவதும் செலவாகிவிடுவதில்லை. எஞ்சும் சிறு மூலக்கூறுகள் எதனோடும் பிணையாமல் மைப்படலத்துக்குள் தங்கிவிடுகின்றன.

அச்சிட்ட அட்டை பெட்டியாக மடிக்கப்படுவதற்கு முன், பெரிய உருளைகளாகச் சுற்றி வைக்கப்படுகிறது என்பதே இங்கு முக்கியமானது. அவ்வாறு சுற்றும்போது ஒரு சுற்றின் அச்சிட்ட வெளிமுகம் அடுத்த சுற்றின் பாலித்தீன் உள்முகத்தின்மேல் அழுந்திக் கிடக்க, கொழுப்பில் கரையும் இயல்புடைய ஐ.டி.எக்ஸ். அப்பாலித்தீனுக்குள் நுழைந்து, பின்னர் பெட்டியில் பால் நிரப்பப்பட்டதும் அதன் கொழுப்பில் கரைந்துவிடுகிறது. அச்சுத் தொழிலில் ‘செட்-ஆஃப்’ எனப்படும் இந்த வழியில், அலுமினியத் தாள் தன் இடத்தில் பழுதின்றி இருந்தும் பயனற்றுப் போகிறது. பொதியை முடிந்த பொருளாக மட்டும் ஆராய்பவருக்கு இது புலப்படாது. அது கிடங்கில் இருந்த நிலையையும் அறிந்தாக வேண்டும்.

பாலில் காணப்பட்ட அளவு உடல்நலக் கவலைக்கு இடம் தரவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2005 டிசம்பரில் கருத்துரைத்தது. அம்முடிவு ஏற்கத்தக்கதே. ஆயினும், ஒரே உணவை நாள்தோறும், தன் உடல் எடைக்கு ஒப்பிட மிகுதியாக உட்கொள்ளும் குழந்தைக்கு, எவரும் திட்டமிட்டுச் சேர்க்காத ஒரு பொருள் அப்பாலின் வழியே சென்றது என்பதே போதிய குறை. மேலும், பிளாஸ்டிக்குக்கு அனுமதிப் பட்டியல் வைத்திருந்த ஐரோப்பியச் சட்டத்தில் அச்சுமைக்கு அத்தகைய பட்டியல் இல்லை. 2006-இல் இயற்றப்பட்டு 2008 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை, மையின் கூறுகள் அட்டையை ஊடுருவியோ, அடுக்கியோ சுற்றியோ வைக்கும்போது ஒட்டியோ, உணவைத் தொடும் பக்கத்துக்குத் தீங்கு தரும் அளவில் செல்லலாகாது என வெளிப்படையாகவே கூறியது.

அடுத்த ஆண்டே வேறொரு வழி தெரியவந்தது. 2009-இல் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் காலையுணவுத் தானியக் கலவைகளில் 4-மீதைல்பென்சோபீனோன் என்னும் ஒளித்தூண்டி கண்டறியப்பட்டது. எளிதில் ஆவியாகும் இச்சேர்மத்துக்கு நீர்மத்தின் துணையோ நேரடித் தொடுகையோ தேவையில்லை; அட்டையின் நுண்துளைகள் வழியே ஆவியாகச் சென்று, அலுமினியம் இல்லாத உட்பையையும் கடந்து, உலர்ந்த தானியத்தில் படிகிறது.

ஆகவேதான் தடுப்பு அடுக்குகளை மட்டும் நம்பாமல், தூண்டியின் மூலக்கூற்றையே நீண்ட பாலிமர் சங்கிலியோடு பிணைத்துப் பெரிதாக்கும் முறை உணவுப் பொதிகளுக்கான மைகளில் இடம்பெற்றது. 1000 டால்டனுக்கு மேற்பட்ட நிறையுள்ள மூலக்கூறுகள் படலங்களுக்குள் எளிதில் நகர்வதில்லை. உணவில் கலந்தாலும் குடற்சுவர் அவற்றைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை.