குளச்சலைப் பத்து முறைதான் எழுதலாம்!

குளச்சல் வெற்றித் தூணை நண்பன் படம் எடுத்தான். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்த ஊராயிற்றே. கோப்பின் பெயரிலேயே மொத்த வரலாற்றையும் தமிழில் எழுதி வைத்துவிட்டான். விண்டோஸ் கணினி மறுப்புச் சொல்லவில்லை. கிட்டில் (Git) கமிட் செய்தான், புஷ் செய்தான்.

என் லினக்ஸ் மடிக்கணினியில் புல் செய்தேன். பெயர் ரொம்ப நீளம், கோப்பை உருவாக்க முடியாது என்றது.

"எனக்கு இங்க ஒழுங்கா இருக்குல்லா மக்கா!" என்றான் போனில்.

விடுவேனா? கிட்டின் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தேன். கோப்புப் பட்டியலைக் கேட்டால் \340\256\225\340\257\201 என்று ஏதோ மந்திரம் ஓடுகிறது. அட, அது நம்ம 'கு'! ககரத்துக்கு மூன்று பைட், உகரக் குறிக்கு மூன்று. core.quotePath அமைப்பை அணைத்ததும் எண்ணெல்லாம் மறைந்து தமிழ் பளிச்சென்று வந்தது. நான் நாற்காலியில் துள்ளியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் கணக்குப் போட்டேன். 'குளச்சல்' கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளியையும் உகரக் குறியையும் தனியாக எண்ணினால் 8 குறி. யூடிஎஃப்-8இல் 24 பைட்! ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 8. லினக்ஸில் ஒரு பெயருக்கு வழக்கமான உச்சம் 255 பைட். ஆக, குளச்சலைப் பத்து முறை எழுதலாம், பதினோராவது ஏறாது. ஆங்கிலக் குளச்சலோ 31 முறை!

விண்டோஸிலும் உச்சம் அதே 255தான். ஆனால் அது குறிகளை எண்ணுகிறது, பைட்டை அல்ல. விண்டோஸில் 255 மரக்கால், லினக்ஸில் 255 நாழி.

கிட்டுக்கு இதில் பங்கே இல்லை என்பதுதான் வேடிக்கை. பெயரை வெறும் பைட் வரிசையாக வாங்கி உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறது. வெளியே எடுத்து வைக்கும்போதுதான் லினக்ஸ் வாசலை மறிக்கிறது. லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005இல் கிட்டையும் எழுதினார். ஒரே அப்பன் பிள்ளைகளுக்குள் இந்தத் தகராறு!

நண்பன் பெயரை 'தூண்' என்று சுருக்கி மறுபடி புஷ் செய்தான். படம் வந்துவிட்டது. ஆனால் பழைய கமிட்டில் அந்த நீளப் பெயர் அப்படியே கிடக்கிறது. ஆசைக்கு நேற்று அங்கே திரும்பிப் போய்ப் பார்த்தேன். லினக்ஸ் மறுபடியும் அதே பாட்டு.