சென்னையின் தண்ணீர்: நாம் அனைவரும் பங்காளிகள்

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு 2019 கோடை மறந்திருக்காது. குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தோம். பள்ளிவாசல்களில் ஒளூவுக்குத் தண்ணீர் கிடைப்பதே சிரமமாக இருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்த ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

அந்த நிலை மீண்டும் வராமல் இருக்க, நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பிறர் தந்த தண்ணீர்

சென்னைக்கு வற்றாத ஆறு கிடையாது. நான்கு ஏரிகளும் நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. நீர் இருக்கும். அவை நிரம்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால்தான். மழை பொய்த்தால் நகரம் பிறரை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அதனால்தான் 1976ஆம் ஆண்டில் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நதியில் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983இல் தமிழகமும் ஆந்திராவும் ஒப்பந்தம் செய்தன. வழியில் ஏற்படும் இழப்பு போக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக முதல் நீர் 1996இல்தான் வந்தது. தண்ணீருக்காகச் சண்டையிடும் மாநிலங்கள் ஒரு நகரத்தின் குடிநீருக்காகக் கைகோத்த அரிய முன்மாதிரி இது. ஆனால், அங்கே மழை குறையும் ஆண்டுகளில் இங்கே வரும் நீரும் குறைந்துவிடுகிறது.

2004 முதல் கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் திட்டம் நடைபெறுகிறது. அது டெல்டா விவசாயிகளும் நம்பியிருக்கும் காவிரி நீர். தென் சென்னைக்காக நெம்மேலியில் 2013இல் 10 கோடி லிட்டர், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் கொள்ளளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. கடல் வற்றாது என்றாலும், இந்நிலையங்களை இயக்க மின்சாரம் ஏராளமாகத் தேவைப்படுகிறது.

காலுக்குக் கீழே உள்ள பங்கு

இன்றைய தி.நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நீண்டு கிடந்த ஏரி. 1920களில் அதை மூடித்தான் வீட்டுமனைகள் போட்டார்கள். மழைநீர் தங்கிய இடத்தில் நாம் வாழ்கிறோம். நிலத்துக்குள் இறங்க வேண்டிய நீரோ இப்போது சாலையில் ஓடி வீணாகிறது.

மயிலாப்பூர் முதல் பெசன்ட் நகர், திருவான்மியூர் வரையிலான கடலோர மணற்பாங்கான நிலம் மழையை விரைவாக உள்வாங்கும். ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிவிடும். ஒரு வீட்டில் ஆழமாக போர் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணறும் பாதிக்கப்படும். அதேபோல் ஒரு வீட்டின் மொட்டை மாடி நீரை நிலத்துக்குள் விட்டால் தெருவுக்கே பலன். அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் காரணமும் இதுவே.

மார்க்கம் காட்டும் வழி

தண்ணீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி எல்லோரும் பயன்படுத்த வக்ஃப் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூ செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். அது ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நாம் எத்தனை லிட்டர் செலவழிக்கிறோம்?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

• பள்ளிவாசலிலும் வக்ஃப் கட்டடங்களிலும் உள்ள மழைநீர்த் தொட்டிகளை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் தூர்வாருதல்.

• ஒளூ நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடாமல் தனிக் குழாய் மூலம் செடிகளுக்குத் திருப்புதல். இடமிருந்தால் மணல், ஜல்லி வடிகட்டி வழியாக நிலத்தில் இறக்குதல்.

• குறைவாகத் திறக்கும் குழாய்களைப் பொருத்துதல். ஒழுகும் குழாயை அன்றே சரிசெய்தல்.

• அடுக்குமாடிச் சங்கங்கள், அக்கம்பக்கத்து மாற்றுமத சகோதரர்களுடன் பேசி, தெரு முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிடுதல்.

ஜும்ஆ பயானில் இமாம்கள் இதை எடுத்துச் சொன்னால் பிள்ளைகளின் மனத்திலும் பதியும். அடுத்த வறட்சி எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பெய்கிற மழையைக் காப்பது நம் பொறுப்பு. வருகிற பருவமழைக்கு முன்பே நம் மஹல்லாவில் வேலையைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.