பழைய விளையாட்டுகளுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல்



ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூற விரும்புகிறவர் அந்நூலை மீண்டும் ஒருமுறை படித்தபின் கூறுவதே முறையாகும். நினைவை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறினால் அது அன்பின் குரலாக இருக்கும். அறிவின் குரலாக இராது. வீடியோ விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். என்னிடம் படித்து இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டவர்கள், "எங்கள் காலத்து விளையாட்டுகளுக்கு ஈடு உண்டா?" என்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ, "கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தப் படங்களை யார் பார்ப்பார்கள்?" என்று நகைக்கிறார்கள். இரு சாராரும் விடைத்தாளைத் திருத்தாமலே மதிப்பெண் வழங்குகின்றனர். ஆகவே, ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நான் ஒரு பழைய கருவியின் ஐந்து விளையாட்டுகளை மீண்டும் ஆடிப் பார்த்து, குறிப்பேட்டில் மதிப்பெண் இட்டேன். அதன் முடிவையும், முடிவுக்கான காரணங்களையும் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது நின்டெண்டோ. அந்நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதனை வடிவமைத்த பொறியாளர் மசயூகி உவெமுரா. அதே 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வணிகம் சரிந்து வீழ்ந்தது. தரமற்ற விளையாட்டுகள் மலிந்தமை அதற்கு ஒரு பெருங்காரணம். அத்தகைய சந்தையில், 1985-ல், 'நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரோடு இக்கருவி நுழைந்து வெற்றி கண்டது. உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் கருவிகள் விற்பனையாயின. இதன் நகல் கருவிகள் 1990-களில் நம் நாட்டுக் கடைகளிலும் விற்றன. அதில் செருகும் பெட்டியை அக்காலத்துப் பிள்ளைகள் 'கேசட்' என்றே அழைத்தனர்.

இக்கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். அதாவது, 2,048 ஆங்கில எழுத்துகளை மட்டுமே அது ஒரு நேரத்தில் நினைவில் வைக்க இயலும். திரையில் ஒரே சமயத்தில் அசையும் சிறுபடங்கள் 64. ஒரே கிடைக்கோட்டில் 8 மட்டுமே. ஒன்பதாவது படம் அக்கோட்டில் வந்தால் கருவி அதை வரையாது. ஆகவே நிரல் எழுதுவோர் எந்தப் படத்தை விடுவது என்பதை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருப்பர். பழைய விளையாட்டுகளில் உருவங்கள் மினுமினுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த எல்லை ஐந்து விளையாட்டுகளுக்கும் பொதுவானது. எனவே படத்தின் அழகுக்கு நான் மதிப்பெண் தரவில்லை.

நான் கொண்ட அளவுகோல்கள் மூன்று. ஒன்று, கற்பிக்கும் முறை: குறிப்புப் புத்தகம் இன்றியே ஆடுவோன் விதிகளைக் கற்றுக்கொள்கிறானா? இரண்டு, நீதி: தோற்றவன் "தவறு என்னுடையதே" என்று ஒப்புக்கொள்ள இயலுமா? மூன்று, மீளின்பம்: இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் மறுபடி ஆடத் தோன்றுகிறதா? ஒவ்வொன்றுக்கும் பத்து, ஆக முப்பது.

ஐந்தாம் இடம் பெறுவது 1984-ல் வெளிவந்த 'டக் ஹன்ட்' என்னும் வாத்து வேட்டை. பொம்மைத் துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுடவேண்டும். அத்துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை என்பதே இதன் வியப்பு. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுத்துவிடும். அடுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளியுணரி அவ்வெளிச்சத்தைக் கண்டால் குறி தப்பவில்லை என்று கருவி முடிவு செய்யும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி படத்தை வரையும் நேரக் கணக்கை நம்பி இது அமைந்தது. எனவே இன்றைய தட்டைத் திரையில் அப்பழைய துப்பாக்கி வேலை செய்வதில்லை. விதியை ஒரு நொடியில் கற்கலாம், 9. குறி தப்பினால் நாய் ஒன்று எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அச்சிரிப்பையும் பொறுத்துக்கொண்டு 7. ஆனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும், 3. மொத்தம் 19.

நான்காம் இடம் 'கான்ட்ரா'வுக்கு. இக்கருவிக்கு 1988-ல் வந்தது. இருவர் தோளோடு தோள் நின்று ஆடலாம். அருவி ஒன்றில் மேலே ஏறும் கட்டம் இதில் உண்டு. ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் அவனோடு ஏறும். கீழே நின்ற தோழன் திரைக்கு வெளியே விழுந்து உயிரிழப்பான். தோழனுக்காகக் காத்திருக்கவேண்டும் என்பதை எந்த அறிவுரையும் இன்றி அந்த அருவி சொல்லிவிடுகிறது. ஆனால் உயிர் மூன்றே; ஒரு குண்டு பட்டாலும் ஓர் உயிர் போய்விடும். அதனால்தான் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தி முப்பது உயிர் பெறும் இரகசியத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். அக்குறியீட்டை முதலில் அமைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' என்னும் விளையாட்டைச் சோதிக்கும்போது, அது தமக்கே கடினமாக இருந்ததால் அவர் இதனைச் சேர்த்தார். கற்பித்தல் 7, நீதி 6, மீளின்பம் 8, மொத்தம் 21.

மூன்றாம் இடம் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வுக்கு. ஜப்பானில் 1986-ல் வெளிவந்தது. இதன் படைப்பாளிகளுள் முதன்மையானவர் ஷிகேரு மியாமோட்டோ. சிறுவயதில் தம் ஊரைச் சுற்றியிருந்த காடுகளிலும் குகைகளிலும் அலைந்த அனுபவமே இதன் வித்து என்று அவர் கூறியுள்ளார். மேல்நிலத்தின் வரைபடம் 128 திரைகள் கொண்டது. எங்குச் செல்லவேண்டும் என்று எவரும் கட்டளையிடுவதில்லை. இந்த விடுதலையே இதன் பெருமை. மீளின்பத்திற்கு 9 தந்தேன். ஆனால் விடுதலைக்கும் வழிகாட்டாமைக்கும் வேறுபாடு உண்டன்றோ? எந்தப் புதரை எரித்தால் வழி திறக்கும் என்பதற்குப் பல இடங்களில் ஓர் அடையாளமும் இல்லை. பாடத்தில் இல்லாத வினாவைத் தேர்வில் கேட்பதை நான் ஏற்பதில்லை. ஆகவே கற்பித்தல் 6, நீதி 7, மொத்தம் 22.

இரண்டாம் இடம் 'டெட்ரிஸ்'. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984-ல் இதை உருவாக்கினார். நின்டெண்டோ தன் கருவிக்கு 1989-ல் ஒரு பதிப்பை வெளியிட்டது. நான்கு சமசதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து எத்தனை வடிவங்கள் செய்யலாம்? தாளில் வெட்டிப் பாருங்கள். சுழற்ற மட்டும் செய்தால் ஏழு. புரட்டவும் அனுமதித்தால் ஐந்து. அந்த ஏழு வடிவங்களே இவ்விளையாட்டின் முழுச் சொத்து. அவற்றுள் எஸ், இசட் என்னும் எழுத்துகளைப் போன்ற இரண்டும் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எத்தகைய வல்லவனும் இறுதியில் தோற்பான் என்று 1997-ல் வெளிவந்த ஒரு கணிதக் கட்டுரை நிறுவியது. இருப்பினும் மனிதர் முயற்சியை விடவில்லை. 2023 டிசம்பரில், அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எட்டியபோது, நிரல் மேற்செல்ல இயலாமல் கருவியே உறைந்து நின்றது. பதிப்பு வெளிவந்து 34 ஆண்டுகளுக்குப் பின் கருவியைத் தோற்கச் செய்த முதல் மனிதன் அச்சிறுவனே. வேண்டிய நீள்வடிவம் வராமல் போவது ஆடுவோன் தவறன்று. அதனால் நீதியில் 8. கற்பித்தல் 8. மீளின்பம் குறையாத 10. மொத்தம் 26.

முதலிடம் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் இதனை வடிவமைத்தனர். இதன் முதல் கட்டத்தை ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் காணவேண்டும் என்பேன். மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெற்றிடம். எனவே வலப்புறமே செல்லவேண்டும் என்று ஆடுவோன் உணர்கிறான். சிறிய பகை ஒன்று எதிரே வருகிறது. தொட்டால் இறப்பு, மேலே குதித்தால் வெற்றி. அடுத்து ஒரு பெட்டியை முட்டினால் காளான் வெளிப்படுகிறது. அது வலப்புறம் சென்று, குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. அஞ்சி ஒதுங்க முயன்றாலும் பெரும்பாலும் அது நம்மைத் தொட்டுவிடும். தொட்டவுடன் மாரியோ வளர்கிறான். காளான் நன்மை செய்வது என்ற பாடம் முடிந்தது! பின்னர் இரு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கின்றன. இடையே தரை உண்டு. தவறி விழுந்தாலும் தீங்கில்லை. அடுத்த இணைப் படிக்கட்டுகளின் இடையே பள்ளம். முதலில் பயிற்சி, பின்னர் தேர்வு, வரிசை பிறழவில்லை.

சிக்கனத்தையும் பாருங்கள். முழு விளையாட்டின் அளவும் 40 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 2 மெகாபைட் என்று கொண்டால், அதன் இடத்தில் இத்தகைய 50 விளையாட்டுகள் அடங்கும். இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே படத்தால் அமைத்து நிறத்தை மட்டும் மாற்றினர். கற்பித்தலுக்கு முழுமையாக 10. சில கோட்டைகளில் வழி பிசகினால், காரணம் கூறாமலே பழைய பாதையில் சுற்ற வைக்கிறது. ஆகவே நீதி 9. கடந்த இடத்திற்குத் திரும்ப இயலாமையால் மீளின்பம் 8. மொத்தம் 27.

இப்பட்டியலை நீங்கள் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் மறுப்பவர் காரணத்தோடு மறுக்கவேண்டும். காரணம் கூற அப்படைப்பு கையில் இருக்கவேண்டும். கவலை இங்கேதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. செல்டா கேசட்டுக்குள் ஆடுவோன் கணக்கைக் காக்கும் சிறு மின்கலம் உண்டு. அது தீர்ந்தால் கணக்கும் அழியும். ஓலைச்சுவடி செல்லரித்ததை அறிந்த சமுதாயத்திற்கு இது புதிய செய்தியன்று. ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் பழைய கருவியோ கேசட்டோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். தூசு தட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். பிறகு உங்கள் அளவுகோல்களை எழுதி, உங்கள் மதிப்பெண்ணை இடுங்கள்.