அண்டா மாறலாம், அரிசி மாறக்கூடாது

வடலூர் தருமசாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதில் ஏறி இறங்கிய அண்டாக்கள் எத்தனையோ. கன்டெய்னரும் அண்டா மாதிரிதான், தேய்ந்தால் தூக்கிப்போடலாம். தரவு என்னும் அரிசி மூட்டையை அதற்குள்ளேயே வைத்திருந்தால்தான் வம்பு.

கன்டெய்னர் என்றால்? மென்பொருளையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தனியே ஓட்டுவது. 2013-இல் வந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. ஊர் வரலாற்றைத் தொகுக்க மீடியாவிக்கி மென்பொருளை டாக்கரில் நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியாவும் ஈழத்து நூல்களைச் சேர்க்கும் 'நூலகம்' தளமும் ஓடுவது இதில்தான். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

புதுப் பதிப்புக்கு மாறினால் கட்டுரைகள் போய்விடுமா? பழைய கன்டெய்னரை நீக்கிப் புதியதை எழுப்புவதுதான் முறை. அதற்குள் எழுதியதெல்லாம் அதோடு போகும். ஆகவே வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே, வட்டில் இருக்கும் சேமிப்பிடம்) ஒன்றுக்குப் பெயர் வைத்துத் தரவுத்தளத்தை அதில் வையுங்கள். இதைப் பலரும் செய்துவிடுகிறார்கள். பதிவேற்றிய படங்களும் அமைப்புக் கோப்பும்தான் மறந்துபோகும். கட்டுரை இருக்கும், படம் இருந்த இடம் காலியாகக் கிடக்கும்.

பதிப்பு எண்ணுக்குப் பதில் "லேட்டஸ்ட்" என்று போட்டால் வசதிதானே? வசதிதான், என்றைக்காவது நீங்கள் கேட்காமலே பெரிய பதிப்புக்குத் தாவும் வரை. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஃபயர்வால் போட்டிருக்கிறேனே, போதாதா? போதாது. டாக்கர் திறந்துவிடும் போர்ட் (வலைப்பின்னல் வாசல்) லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் தடுப்பையும் தாண்டி வெளியே தெரியும். தரவுத்தளத்தின் 3306 என்ற போர்ட்டை வெளியே திறக்கவே வேண்டாம்; மீடியாவிக்கி உள்வழியாகவே அதை எட்டிவிடும்.

கரண்ட் போனால்? கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். கன்டெய்னர் தானே மறுபடி எழும்படி 'ரீஸ்டார்ட்' அமைப்பைப் போடுங்கள். கணினி எழும்போது டாக்கரும் எழுகிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் கணினியே முழுகினால் அதுவும் உதவாது. தரவுத்தளத்தை அதற்கென உள்ள ஏற்றுமதிக் கட்டளையால் நகலெடுத்து, படங்களோடு வெளியூரில் ஒரு பிரதி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே காப்பி எடுத்தால் பழுதாகலாம்.

நிஜக் கட்டுரைகளை ஏற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு சோதனைக் கட்டுரையும் படமும் போட்டு, கன்டெய்னர்களை அழித்து மறுபடி எழுப்புங்கள். இரண்டும் அப்படியே இருந்தால், ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம்.