இனம் தெரியாத கோழி முட்டையிடுமா?

சந்தையில் வாங்கிய கோழியின் இனத்தை இறகின் நிறம் பார்த்துச் சொல்வது வழக்கம். இது ஏமாற்றும். வெள்ளை லெகார்னின் நிறம் கலப்பிலும் மேலோங்கும். ரோட் ஐலண்டு ரெட்டுடன் சேர்ந்து பிறந்த குஞ்சும் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும்.

காது மடலைப் பார்ப்பது மேல். லெகார்னுக்கு மடல் வெள்ளை, முட்டையும் வெள்ளை. ரோட் ஐலண்டு ரெட்டுக்கு மடல் சிவப்பு, முட்டை பழுப்பு. விலக்கான இனங்களும் உண்டு. கொண்டை சிறுத்து, கழுத்து நீண்டு, உடல் நிமிர்ந்திருந்தால் அசீல் கலப்பாக இருக்கலாம். அசீல் முட்டை குறைவாக இடும். ஆனால் நன்றாக அடைகாக்கும். லெகார்ன் அடைக்கு உட்காருவது அரிது.

இனம் தெரியாவிட்டாலும், தீனிச் செலவுக்குத் தகுமா என்று அறிய வழியுண்டு. மலவாயின் இருபுறமுள்ள இடுப்பெலும்புகளுக்கு இடையில் இரண்டு, மூன்று விரல் கொண்டால், மலவாயும் அகன்று ஈரமாக இருந்தால், கோழி முட்டையிட்டு வருகிறது என்று கொள்ளலாம். ஒரு விரலே கொண்டால் இப்போது இடவில்லை. மஞ்சள் கால் கோழிகளில் முட்டையிட இட மஞ்சள் வெளுக்கும். முதலில் மலவாய், பிறகு கண் ஓரம், அலகு, கடைசியில் கால். நோயின்றிக் காலும் வெளுத்த கோழி பல மாதங்களாக இட்டு வந்தது; அதை விற்பது நஷ்டம்.

இறகு உதிர்க்கும்போது முட்டை நிற்பது இயல்பு. அவசரப்பட்டுக் கறிக்கு அனுப்பாமல், புது இறகு முளைத்த பின் மறுபடி விரல் வைத்துப் பார்க்கவும்.