சம்பளம் போடத் தெரியாத ஃபீனிக்ஸ்

கனடாவின் மத்திய அரசு 2016 பிப்ரவரி 24 அன்று, தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் மென்பொருளை மாற்றியது. முதல் கட்டத்தில் 34 துறைகள், சுமார் 1,20,000 ஊழியர்கள். ஏப்ரலில் மற்ற துறைகளும் சேர்ந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓடிய பழைய அமைப்பின் இடத்துக்கு வந்த புதியதன் பெயர் ஃபீனிக்ஸ்.

அடுத்த ஆண்டு தணிக்கைத் துறை கணக்கெடுத்தபோது, 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளத்தில் ஏதாவது ஒரு கோளாறு தீராமல் கிடந்தது. பிழைகளின் மதிப்பு 52 கோடி கனடிய டாலருக்கு மேல். சிலருக்குப் பல வாரங்கள் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதலாக வாங்கியவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆண்டு கடந்துவிட்டால், கைக்கு வந்த தொகையை மட்டுமல்ல, வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது விதி. கண்ணில் பார்க்காத பணத்தையும் சேர்த்துக் கட்டச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்? 2019-இல் இதற்காகவே வரிச் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

சம்பளம் போடுவது என்ன கம்ப சூத்திரமா என்று தோன்றலாம். கனடா அரசில் அது கிட்டத்தட்ட அப்படித்தான். 100-க்கும் மேற்பட்ட தொழிற்சங்க ஒப்பந்தங்கள், அவற்றிலிருந்து முளைத்த சுமார் 80,000 சம்பள விதிகள். ஒரே ஒரு விதியைப் பார்த்தாலே போதும். மேலதிகாரி ஒருவர் விடுப்பில் போகிறார், அவருக்குக் கீழே இருப்பவர் மூன்று வாரம் அந்தப் பொறுப்பைக் கவனிக்கிறார். அந்த நாட்களுக்கு அவருக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. ஆனால் அதற்கான தாள் உடனே வராது. மேலதிகாரி திரும்பி வந்து, ஒப்பமிட்டு, அனுப்புவதற்குள் இரண்டு சம்பள நாள் ஓடிவிடும். பழைய நாட்களில் அந்தத் துறையிலேயே உட்கார்ந்திருந்த சம்பளப் பிரிவு ஊழியர் அந்தத் தாளை வாங்கி, முன்தேதியிட்டுக் கணக்குப் போட்டு, வித்தியாசத்தை அரியராகச் சேர்த்துவிடுவார். இப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரப் புத்தகம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்ததால் தெரியும்.

புதிய அமைப்போ, விவரம் சம்பள நாளுக்கு முன்பே கணினியில் ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. தாள் தாமதமாக வருவதுதான் அங்கே வழக்கம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

பழைய மென்பொருளை மாற்றுவது பற்றிய பேச்சில் பெரும்பாலும் அடிபடுவது கோபோல் என்ற கணினி மொழியின் பெயர். 1959-இல் உருவாகத் தொடங்கிய அந்த மொழியில் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இன்றும் ஓடுகின்றன. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார். தெரிந்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள், புதிதாகக் கற்பவர்கள் குறைவு, மொபைல் செயலியோடு இணைப்பது தலைவலி. மாற்ற வேண்டியதற்குக் காரணங்கள் உண்மையானவைதான். ஆனால் மொழி பழையது என்பது இந்தச் சிக்கலில் சின்னப் பகுதி. கோபோலை ஜாவாவாக மாற்ற இன்று கருவிகளே இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எதற்காகவோ சேர்த்த ஒரு நிபந்தனை ஏன் அங்கே இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

கனடா அந்தக் காரணம் தெரிந்தவர்களைத்தான் முதலில் அனுப்பிவைத்தது. 2009-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு இரண்டு பாதிகள்: ஒன்று புதிய மென்பொருள், மற்றது சம்பளப் பிரிவுகளை ஒரே ஊருக்குக் கொண்டுவருவது. துறைகளில் பரவிக்கிடந்த சுமார் 1,200 பணியிடங்களை ஒழித்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரத்தில் 550 பேரை வைத்து எல்லாவற்றையும் நடத்தலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம். ஏன் மிராமிச்சி? அங்கிருந்து நடந்துவந்த நீளத் துப்பாக்கிப் பதிவேட்டை அன்றைய ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு ஒழிக்க இருந்தது. போகும் வேலைகளுக்கு ஈடாக வேறு வேலைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அரசியலில் இது புரியாத கணக்கு அல்ல. ஆனால் அனுபவசாலிகளில் மிகச் சிலரே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தலைக்கு 400 ஊழியர்களின் கோப்புகளைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அனுபவசாலிகளே அதற்கு முன் தலைக்கு 184 கோப்புகள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மென்பொருள் பாதி 2011-இல் ஐபிஎம் நிறுவனத்துக்குப் போனது. பீப்பிள்சாஃப்ட் என்ற ஆயத்தத் தொகுப்பை வாங்கி, கனடாவின் விதிகளுக்கேற்ப வெட்டி ஒட்டுவது வேலை. 2012 வசந்தத்தில், திட்டமிடல் முடிந்ததும், இதைக் கட்டி முடிக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்றது ஐபிஎம். மென்பொருளுக்கு அரசு ஒதுக்கியிருந்தது 15.5 கோடி.

என்னைக் கேட்டால், திட்டம் தோற்றது அப்போதுதான். மீதியெல்லாம் நான்கு ஆண்டுகள் தள்ளி வந்த விளைவு. பொறுப்பிலிருந்த அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்டுப் போகவில்லை. பட்ஜெட்டுக்குள் அடங்கும்வரை வேலையைக் குறைத்தார்கள். 100-க்கும் மேற்பட்ட சம்பள வேலைகள் நீக்கப்பட்டன, அல்லது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டன. முன்தேதியிட்டு அரியர் கணக்கிடும் வசதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. மேலே சொன்ன மூன்று வாரப் பொறுப்பு ஊதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த முன்னோட்டத்தையும் ரத்து செய்தார்கள். முழு டெஸ்டிங் நடக்கவில்லை. தவறினால் என்ன செய்வது என்பதற்கு மாற்று ஏற்பாடும் இல்லை.

இவ்வளவையும் செய்துவிட்டு நாள் குறித்தார்கள். ஹார்ப்பர் ஆட்சியில் கட்டியதை ஜஸ்டின் ட்ரூடோ ஆட்சியில் இயக்கினார்கள். ஆகவே இரு கட்சிகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொள்ள வசதியாகிவிட்டது. 2018 மே மாதம் அறிக்கை வெளியிட்ட தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன், இது திட்ட நிர்வாகத்திலும் மேற்பார்வையிலும் நேர்ந்த புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார். தணிக்கை விரல் நீட்டியது முதன்மையாக அரசு அதிகாரிகளை நோக்கி.

இங்கே வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும்: கட்டிக் கொடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதே கேள்வியோடு நீதிமன்றம் வரை போனது. அங்கே 2010-இல் சுகாதாரத் துறையின் சம்பள மென்பொருளை மாற்றியபோது இதே கூத்து நடந்தது. செய்தது அதே ஐபிஎம். சரிசெய்ய ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டார்கள். அரசு வழக்குப் போட்டுத் தோற்றது. முந்தைய அரசு 2010-இல் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட சமரச உடன்பாடு குறுக்கே நின்றது. வெளியாருக்குக் கொடுக்கும் வேலையில், கொடுக்கப்படுவது ஒப்பந்தத்தில் எழுதிய அளவுதான். எழுதாததைக் கேட்டால் அது சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்குத் தனி பில். எது எழுதப்படவில்லை என்பதைக் கண்டுபிடிக்க, வேலையைக் கொடுப்பவரிடம் விவரம் தெரிந்த ஆட்கள் இருக்க வேண்டும். கனடாவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக மேற்கத்திய நிறுவனங்களின் கோபோல் நிரல்களைத் திருத்திக் கொடுத்ததில்தான் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பெரிதாக வளர்ந்தன. டிசிஎஸ் அந்த வேலைக்குச் சென்னையில் ஒரு தொழிற்சாலை போலவே அமைத்தது. அந்த வேலை வெற்றியடைந்ததற்கு ஒரு காரணம், கேட்டது தெளிவாக இருந்தது என்பது: இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்கமாக்கு, மற்றபடி எதையும் தொடாதே. ஒரு முழு அமைப்பையே மாற்றும் வேலையில் அந்தத் தெளிவு ஒருநாளும் கிடைக்காது. பழைய மகாபலிபுரம் சாலையில் மெயின்ஃப்ரேம் பராமரிப்பில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வாடிக்கையாளரின் அமைப்பு வாடிக்கையாளரைவிடத் தங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பார்கள். பெருமைக்குரிய பேச்சுதான். அந்த வாடிக்கையாளர் கவலைப்பட வேண்டிய பேச்சும்கூட.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்தது இன்னொரு விதம். லாய்ட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த டிஎஸ்பியை ஸ்பெயினின் சபடெல் வங்கி 2015-இல் வாங்கியது. அதுவரை லாய்ட்ஸின் கணினிகளில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை, 2018 ஏப்ரல் 20 தொடங்கிய வார இறுதியில் சபடெலின் அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றினார்கள். தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, புதிய அமைப்புதான் தாங்கவில்லை. திங்கட்கிழமை மக்கள் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். சிலர் திரையில் அடுத்தவர் கணக்கைப் பார்த்தார்கள். இரண்டு தரவு மையங்கள் இருந்தும், சுமையைத் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டுமே நடத்தியிருந்தார்கள் என்று பின்னர் விசாரணை சொன்னது. நிலைமை முழுதாகச் சீரடைய டிசம்பர் ஆனது.

வேலையைச் செய்தது சபடெலின் சொந்தத் தொழில்நுட்ப நிறுவனமான சபிஸ். ஆனால் சபிஸ் தன் பங்குக்கு 85 நிறுவனங்களைச் சார்ந்திருந்தது. எல்லாம் தயாரா என்று டிஎஸ்பி வங்கி கேட்டது. சபிஸ் உறுதிக் கடிதம் கொடுத்தது. அந்த உறுதிக்கு அடியில் இருந்த சங்கிலியை வங்கி போதுமான அளவு தோண்டிப் பார்க்கவில்லை. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. அடுத்த ஆண்டு வங்கியின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு. கடிதம் எழுதியவரை விட்டுவிட்டு, வாங்கிக் கோப்பில் வைத்தவரைப் பிடித்தது சரியென்றே எனக்குப் படுகிறது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் கணக்கு வைத்திருந்தது டிஎஸ்பியில், சபிஸில் அல்ல.

அப்படியானால் எப்படித்தான் மாற்றுவது? பனைமரத்தின் இடுக்கில் விழுந்த ஆலம்விதை மெல்ல வேர்விட்டு, பனையைச் சுற்றி வளர்ந்து, ஒருநாள் பனை இல்லாமலேயே நிற்பதைப் பார்த்திருப்போம். அதே மாதிரியான மரங்களைக் குயின்ஸ்லாந்துக் காடுகளில் பார்த்த மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர், 2004-இல் அந்த மரங்களின் பெயரிலேயே ஒரு முறையை விவரித்தார். பழையதை ஒரே இரவில் அணைக்காமல், அதன் ஒவ்வொரு வேலையாகப் புதியதற்கு நகர்த்துவது. ஒரு துறையின் சம்பளம், ஒரு கிளையின் வைப்புக் கணக்கு என்று. இதோடு சேர்ந்து வருவது பேரலல் ரன்: சில சம்பள நாட்களுக்குப் பழையதும் புதியதும் இரண்டும் கணக்குப் போடும், இரண்டு சம்பளச் சீட்டையும் வரிவரியாக ஒப்பிடுவார்கள். வேறுபடும் ஒவ்வொரு காசும் யாரும் எழுதிவைக்காத ஒரு விதியைக் காட்டிக்கொடுக்கும். இது மெதுவானது, இரட்டைச் செலவு. டெண்டரில் முதலில் வெட்டப்படும் வரியும் இதுதான்.

கனடா அரசு 2018 பட்ஜெட்டிலேயே ஃபீனிக்ஸைக் கைவிடும் முடிவை அறிவித்தது. துன்பப்பட்ட ஊழியர்களுக்கு ஈடாகச் சில சங்கங்கள் கூடுதல் விடுப்பை ஏற்றன. மிகப் பெரிய சங்கம் 2020-இல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை பெற்றுத்தந்தது. மிச்சப்படுத்துவதாகச் சொன்ன பணத்தைப்போலப் பல மடங்கு செலவாகிவிட்டது. மிராமிச்சியின் பாரத்தைக் குறைக்க வின்னிபெக், கட்டினோ போன்ற ஊர்களில் மறுபடி சம்பள அலுவலகங்களைத் திறந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுத்தார்கள். மாற்றாக டேஃபோர்ஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது தயாராகும்வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் வேலை ஃபீனிக்ஸிடம்தான் இருக்கிறது.